பதினேழு வயதில் ஓய்ந்த பாட்டு

முன்னோரின் மொழியைப் பேசி வளராத ஒரு பிள்ளை, அம்மொழிப் பாட்டொன்றைப் பாடி உலகறியச் செய்தான். பதினெட்டு வயது நிறையுமுன் மாண்டும் போனான். அமெரிக்கப் பாடகன் ரிட்சி வாலன்ஸின் வரலாறு இது. பிழைப்பை நாடித் தமிழகம் விட்டு வந்து, வேற்றுமொழிகளுக்கு நடுவே மக்களை வளர்க்கும் நம்போன்ற குடும்பத்தார் அறியத்தக்கது.

ரிட்சி 1941ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் கலிபோர்னியாவில் பிறந்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சார்ந்த பகோய்மா என்னும் பகுதியில் வளர்ந்தான். பெற்றோர் மெக்சிக்க வழியினர். உழைத்துண்ணும் எளிய குடும்பம். இளம் பருவத்திலேயே தந்தையை இழந்தான். இடக்கைப் பழக்கமுடையவனாயினும், வலக்கையால் கிதார் மீட்டக் கற்றுக்கொண்டான்.

1958இல் பாப் கீன் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தார் அவனைக் கண்டெடுத்தார். ரிச்சர்ட் வாலன்சுவேலா என்ற இயற்பெயர் அப்போதுதான் ரிட்சி வாலன்ஸ் எனக் குறுகியது. மெக்சிக்கப் பெயரைக் கண்டால் பிறர் ஒதுக்கக்கூடும் என்ற எண்ணமே காரணம். வடக்கே வந்த நம் மீனாட்சிசுந்தரங்கள் அலுவலகத்தில் ‘சுந்தர்’ ஆகிவிடுவதை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

பள்ளித் தோழி ஒருத்தியை எண்ணி அவன் இயற்றிய ‘டானா’ என்ற பாட்டு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம்வரை ஏறியது. அதே இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்தது ‘லா பாம்பா’. மெக்சிக்கோவின் வெராக்ரூஸ் வட்டாரத்தில் திருமண வீடுகளில் வழிவழியாகப் பாடப்பட்டு வந்த நாட்டுப்பாடல் அது. ஆங்கிலம் பேசி வளர்ந்த ரிட்சி, ஸ்பானியச் சொற்களை ஒலியாகக் கேட்டு மனனம் செய்தே அதைப் பாடினான். பெயர் குறுகியது, பாட்டு குறுகவில்லை.

விமானம் என்றால் அவனுக்கு அச்சம். 1957 சனவரி 31இல் இரு விமானங்கள் வானில் மோதி, அவற்றின் சிதைவுகள் பகோய்மாவில் ஒரு பள்ளியின் விளையாட்டுத் திடலில் விழுந்தன. மாணவர் மூவர் மாண்டனர். பாட்டனாரின் ஈமச் சடங்கிற்குச் சென்றிருந்தமையால் ரிட்சி அன்று அங்கில்லை.

1959இன் தொடக்கத்தில், கடுங்குளிரில், நடு அமெரிக்க ஊர்களில் இசைச் சுற்றுப்பயணம் ஒன்று நடைபெற்றது. ஊர்களின் வரிசை முன்னும் பின்னுமாக அமைந்திருந்தது. பேருந்துகள் வழியிலேயே பழுதாகி நின்றன. வெப்பக் கருவியும் வேலை செய்யாமையால் மேளக்காரரின் கால்கள் குளிரில் விறைத்து, அவர் மருத்துவமனை சேர்ந்தார். நாள்தோறும் பயணிகளின் முகத்தில் விழிக்கும் இரயில்வே எழுத்தராகிய நாம் ஒன்று சொல்வோம்: களைத்த பயணி, எந்த ஊர்தி கிடைப்பினும் ஏறிவிடுவான்.

பிப்ரவரி 2ஆம் நாள் இரவு அயோவா மாநிலத்துக் கிளியர் லேக் ஊரில் கச்சேரி முடிந்தது. உடன் சென்ற பாடகர் பட்டி ஹாலி, அடுத்த ஊருக்குச் செல்லச் சிறு விமானம் ஒன்றை அமர்த்தினார். விமானியைத் தவிர மூவர்க்கே இடம். கிதார் கலைஞர் டாமி ஆல்சப்பிற்கும் ரிட்சிக்கும் ஓரிடத்திற்காக நாணயம் சுண்டப்பட்டது. வென்றவன் ரிட்சி. நள்ளிரவுக்குப் பின் புறப்பட்ட விமானம் சில நிமிடங்களில் ஒரு வயலில் வீழ்ந்து நொறுங்கியது. ரிட்சி, ஹாலி, ஜே.பி. ரிச்சர்ட்சன் என்னும் பாடகர், இருபத்தொரு வயது விமானி ஆகிய நால்வரும் மாண்டனர். கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் தகுதி பெறாத விமானி, அத்தகைய வானிலையில் பறந்ததே காரணமென விசாரணை கண்டது.

ரிட்சியின் உடல், அவன் வளர்ந்த பள்ளத்தாக்கிலேயே சான் பெர்னாண்டோ மிஷன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாயிற்று. 1987இல் காலமான அன்னையும் அங்கேயே மகனுடன் துயில்கின்றாள். அவ்வாண்டே அவன் வாழ்க்கை திரைப்படமாக வந்தது. அப்படத்திற்காக லாஸ் லோபோஸ் குழுவினர் பாடிய ‘லா பாம்பா’, அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அவன் பாடிய பதிவில் 22ஆம் இடத்தோடு நின்ற பாட்டு அது!

இசைத்தட்டுப் பாடகனாக அவன் வாழ்ந்தது ஓராண்டுகூட இல்லை. முன்னோர் மொழியை அவன் முழுதும் கற்றவனல்லன்; ஒரு பாட்டைக் கற்றான். நம் பிள்ளைகள் இந்தியும் மராத்தியும் வங்காளமும் பேசட்டும், அதில் குறையில்லை. எனினும் விடுமுறைக்கு ஊரிலிருந்து பாட்டி வரும்போது, அவர் பாடும் தாலாட்டையோ கும்மியையோ ஒன்றேனும் அவர்கள் பாடம் செய்துகொள்ளட்டும். பொருள் பின்னர் விளங்கும். பாட்டிமார் இருக்கும்போதே இது நடைபெற வேண்டும் என்பதே நம் விண்ணப்பம்.