வாங்கியவருக்குப் பதவி போனது, விற்றவர்களுக்கு?

உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதியில் 2007 சட்டமன்றத் தேர்தலில் வென்றவர் உம்லேஷ் யாதவ். வாக்குப்பதிவு நெருங்கிய நேரத்தில் இரண்டு இந்தி நாளிதழ்களில் அவரைப் புகழ்ந்து செய்திகள் வந்தன. அவை நிருபர் எழுதியவை அல்ல, காசு கொடுத்துப் போடவைத்தவை என்று தோற்ற வேட்பாளர் ஒருவர் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலில் புகார் செய்தார். கவுன்சில் விசாரித்தது, நாளிதழ்கள் செய்தது தவறு என்றது. விவகாரம் தேர்தல் ஆணையத்துக்குப் போயிற்று. அந்தச் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று 2011 அக்டோபரில் உம்லேஷ் யாதவை மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது ஆணையம். அவருடைய எம்.எல்.ஏ. பதவி பறிபோனது. செய்திக்கான இடத்தை விற்ற நாளிதழ்களுக்குக் கிடைத்ததோ வெறும் கண்டனம்.

கவுன்சிலால் அவ்வளவுதான் முடியும். 1978-ம் ஆண்டுப் பத்திரிகைக் கவுன்சில் சட்டத்தின் 14-வது பிரிவு எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டுமே அதற்கு உரிமை தருகிறது. அபராதம் விதிக்க முடியாது. தலைவராக ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் வருவது வழக்கம். அவரைத் தவிர உள்ள 28 உறுப்பினர்களில் 20 பேர் பத்திரிகை உலகத்தவர். அவர்களில் ஆறு பேர் முதலாளிகளின் பிரதிநிதிகள்.

அதிகாரம் இல்லாததுதான் எல்லாக் கோளாறுக்கும் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை அறிய 2009-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு மகாராஷ்டிரத் தேர்தலில் அன்றைய முதல்வர் அசோக் சவாணைப் புகழ்ந்து ஒன்றுக்கொன்று போட்டியான நாளிதழ்களில் ஒரே வாசகத்துடன் செய்திகள் வந்ததை பி. சாய்நாத் 'தி இந்து'வில் அம்பலப்படுத்தினார். காசுக்குச் செய்தி போடும் வழக்கத்தை ஆராய பரஞ்ஜாய் குஹா தாகுர்த்தா, ஸ்ரீநிவாஸ் ரெட்டி என்ற இரு பத்திரிகையாளர்களைக் கவுன்சில் நியமித்திருந்தது. அவர்கள் ஊர் ஊராகப் போய் வேட்பாளர்களையும் நிருபர்களையும் கேட்டு, 2010-ல் 71 பக்க அறிக்கை தந்தார்கள். எந்தப் பத்திரிகை மீது என்ன குற்றச்சாட்டு, அது என்ன பதில் சொன்னது என்று பெயரோடு எழுதியிருந்தார்கள்.

கவுன்சில் அதை வெளியிடவில்லை. பெயர்கள் இல்லாத சுருக்கம் ஒன்றைத் தன் அறிக்கையாக வெளியிட்டது. முழு அறிக்கை வெளிவர தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட வேண்டியிருந்தது. உம்லேஷ் யாதவ் பதவி இழந்த அதே 2011 அக்டோபரில்தான் அது பொதுமக்கள் கைக்கு வந்தது.

தன் அறிக்கையைத் தானே வெளியிட எந்த அதிகாரமும் தேவையில்லை. எந்த அமைச்சரும் தடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் வெளிப்படைத்தன்மை கேட்கும் தொழில், தன் வீட்டுக் கணக்கு என்றதும் பெயர்களை மறைத்தது. இதை எந்தச் சமாதானமும் சொல்லி ஏற்க என்னால் முடியவில்லை.

தொலைக்காட்சிப் பக்கமும் நிலைமை வேறல்ல. செய்திச் சேனல்கள் தாங்களே கூடி 2008-ல் ஓர் ஆணையம் அமைத்து, நீதிபதி ஜே.எஸ். வர்மாவைத் தலைவராக்கின. அடுத்த ஆண்டே இந்தியா டிவிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தச் சேனல், ஆணையத்தை அமைத்த செய்திச் சேனல்களின் சங்கத்தை விட்டே வெளியேறியது. பிறகுதான் திரும்பி வந்தது. இந்த ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போதுமா என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே கேட்டது.

அப்படியானால் கட்டுப்படுத்தும் வேலையை அரசிடம் கொடுத்துவிடலாமா? கூடவே கூடாது. நெருக்கடி நிலையின்போது அரசு இதே கவுன்சிலைக் கலைத்துப் பத்திரிகைகளைத் தணிக்கை அதிகாரிகளிடம் விட்டது. 1979-ல்தான் கவுன்சில் மீண்டும் உயிர்பெற்றது. அதனால்தான் பத்திரிகைகள் தங்களைத் தாங்களே திருத்திக்கொள்வது அவ்வளவு அவசியமாகிறது.

திருத்திக்கொள்ள முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 'தி இந்து' 2006-ல் கே. நாராயணனை 'ரீடர்ஸ் எடிட்டர்' ஆக நியமித்தது. வாசகர் புகாரைக் கேட்பது, தவறை ஆராய்வது, திருத்தத்தைப் பத்திரிகையிலேயே போடுவது அவர் வேலை. பெயரின் எழுத்துப் பிழை முதல் புள்ளிவிவரத் தவறு வரை திருத்தங்கள் நாள்தோறும் அச்சாயின. அதனால் அந்தப் பத்திரிகையின் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. லட்சக்கணக்கில் விற்கும் தமிழ் நாளிதழ்கள் ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவர் இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் ஒருவரைக் குற்றவாளியாக்கிவிட்டு, உள்பக்க மூலையில் வருத்தம் தெரிவிப்பது நியாயமே இல்லை.

வாசகர்களே, உங்கள் கையிலும் ஒரு வழி இருக்கிறது. தவறான செய்தியைக் கண்டால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் பத்திரிகைக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்புங்கள். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். வக்கீல் வைக்கத் தேவையில்லை.