நான்கு கிலோ இரும்பும் நாமும்

ஒவ்வொரு வருடமும் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் பதியும்போது எங்கள் வகுப்பில் ஒரே கதைதான். நூறு மீற்றர் ஓட்டத்துக்கும் அஞ்சலோட்டத்துக்கும் பெயர்கள் நிறைந்துவிடும். குண்டு போடுதலுக்கான வரி மட்டும் வெறுமையாகக் கிடக்கும். "அது உடம்பு பருத்தவங்கட விளையாட்டு" என்று யாராவது சொல்ல, எல்லோரும் சிரிப்போம். சென்ற வருடம் அந்த வரியில் என் பெயரை எழுதினேன். வீட்டில் சொன்னபோது உம்மா கேட்டார்: "அது ஆம்புளப் புள்ளயள்ட விளையாட்டெல்லுவா மகள்?" அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய் நான் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

உம்மா கேட்டதில் வியப்பில்லை. உலகமும் நீண்ட காலம் அப்படித்தான் நினைத்தது. நவீன ஒலிம்பிக் தொடங்கிய 1896 இலேயே ஆண்களுக்குக் குண்டு போடுதல் இருந்தது. பெண்களுக்கு அந்த வாய்ப்பு 1948 லண்டன் ஒலிம்பிக்கில்தான் கிடைத்தது. அன்று 13.75 மீற்றர் தூரம் போட்டுத் தங்கம் வென்றவர் பிரான்சின் மிஷ்லின் ஒஸ்டர்மேயர். அவர் பியானோ இசைக் கலைஞர். அதே ஒலிம்பிக்கில் தட்டெறிதலிலும் தங்கம் வென்றார். பியானோ வாசித்த அதே விரல்கள்தான் இரும்புக் குண்டையும் தள்ளின.

இன்று அந்தத் தூரம் எங்கோ போய்விட்டது. 1987 இல் சோவியத் வீராங்கனை நத்தாலியா லிசோவ்ஸ்கயா போட்ட 22.63 மீற்றர் உலக சாதனையாக நிலைத்திருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் நியூசிலாந்தின் மடிசன் வெஷ் 19.86 மீற்றருடன் முன்னிலையில் இருந்தார். ஜேர்மனியின் யெமிசி ஒகுன்லேயே தனது கடைசி முயற்சியில் சரியாக 20.00 மீற்றர் போட்டுத் தங்கத்தைப் பெற்றார். வித்தியாசம் 14 சென்ரிமீற்றர், ஓர் அடிமட்டத்தில் பாதியும் இல்லை.

இவ்வளவு தூரம் எப்படிப் போகிறது? பெண்களுக்கான குண்டின் நிறை 4 கிலோகிராம், ஆண்களுடையது 7.26 கிலோகிராம். வட்டத்தின் விட்டம் இருபாலாருக்கும் ஒன்றே: 2.135 மீற்றர். குண்டு கழுத்தையோ நாடியையோ தொட்டபடி அல்லது மிக அருகில் இருக்க வேண்டும். ஒரு கையால், தோளிலிருந்து தள்ள வேண்டும். பந்தைப் போல் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் எறிந்தால் அது தவறு.

இங்கேதான் நான் பிழையாக நினைத்திருந்தேன். வலிமை கையிலிருந்து வருகிறது என்று எண்ணினேன். அது காலிலிருந்தே வருகிறது. எங்கள் திருகோணமலைக் கரையில் கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். குதிகாலை மணலில் ஊன்றி, உடல் முழுவதையும் பின்னால் சாய்த்து இழுப்பார்கள். கை கயிற்றைப் பிடிக்கிறது. இழுப்பது காலும் இடுப்பும்தான். குண்டு போடுதலும் அப்படியே. தரையைக் காலால் உதைக்கும் விசை இடுப்பு, தோள் வழியாக ஏறி, கடைசியில் விரல் நுனிக்கு வருகிறது. வட்டத்தின் பின்பக்கமிருந்து சறுக்கி வருவது ஒரு முறை. தட்டெறிபவரைப் போலச் சுழன்று வருவது மற்றொரு முறை. இரண்டின் நோக்கமும் ஒன்றுதான்: கையை விட்டுப் போகும்போது குண்டு அதிக வேகத்தோடு போக வேண்டும். ஆகவே உடல் பருமன் மட்டும் போதாது. பழக்கமும் நேரக் கணிப்பும் வேண்டும்.

நம் ஆசியாவில் என்ன நிலை? 1951 இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியாவின் பார்பரா வெப்ஸ்டர் வெண்கலம் வென்றார். அதன்பின் இந்தியப் பெண் ஒருவர் இதே போட்டியில் பதக்கம் பெற 72 வருடங்கள் சென்றன. 2023 இல் சீனாவின் ஹாங்சோவில், மீரட் நகரைச் சேர்ந்த கிரண் பாலியான் 17.36 மீற்றர் போட்டு வெண்கலம் பெற்றார்.

எனக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. குண்டு கழுத்தோடு இருக்க வேண்டுமென்றால், பர்தாவோடு போட முடியுமா? ஈரான் வீராங்கனை லைலா ரஜபி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தலையையும் உடலையும் மூடிய உடையோடுதான் இதே போட்டியில் கலந்துகொண்டார். அது எனக்குப் போதுமான விடை. நடைமுறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணியின் நுனி தொங்கினால் குண்டுக்கும் கழுத்துக்கும் இடையில் சிக்கி வழுக்கும். ஊசி குத்தினால் அது கழுத்தில் அழுத்தும். நான் ஊசி குத்தாமல், நுனியை உடுப்புக்குள் இறுக்கமாகச் செருகிக்கொள்வேன்.

போட்டியில் என் முதல் முயற்சி தவறானது; முன்னால் உள்ள பலகையின் மேல் மிதித்துவிட்டேன். இரண்டாவது 6 மீற்றரைச் சற்றே தாண்டியது. எனக்கு மூன்றாமிடம். போட்டியிட்டவர்களும் மூன்று பேர்தான்! அன்று யாரும் சிரிக்கவில்லை. மற்ற இருவரும் என்னைப் போலவே வெற்று வரியில் பெயர் எழுதியவர்கள்.

உயர்தரத்துக்கு வந்ததும் நம்மில் பலர் விளையாட்டுச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிடுகிறோம். பாடம் முக்கியம்தான், அல்லாஹ் தந்த உடலும் ஓர் அமானிதம் அல்லவா? அதைப் பலமாக வைத்திருப்பதும் நம் கடமை. இம்முறை பெயர்ப் பட்டியல் உங்கள் வகுப்புக்கு வரும்போது அந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள். உம்மா இப்போது அந்தப் பழைய கேள்வியைக் கேட்பதில்லை. "இந்த முறை ஏழைத் தாண்டுவியா மகள்?" என்றுதான் கேட்கிறார்.