ஆறு நிமிஷம்!

"நாற்பதா? எங்க தாத்தா சைக்கிள்லயே அந்த ஸ்பீடுல போவாரு சார்!"

2023 ஜூன் மாதம். சென்னையில் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரேடார் கருவி கண்டுபிடிக்கும், அபராதம் உண்டு என்று செய்தி வந்த மறுநாள். எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இட்லியைவிட இந்த விவாதம்தான் சூடாக இருந்தது. அதிகம் கத்தியது யார் என்கிறீர்கள்? அடியேன்தான்!

ஊரெல்லாம் இதே கூச்சல். 'காலி ரோட்டில் உருட்டிக்கொண்டா போவது?' போலீசார் மறுபடி யோசித்தார்கள். நவம்பர் 4 முதல் புதுக் கணக்கு: கார்களுக்கு 60, டூவீலர், பஸ், லாரிக்கு 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30.

"ஜெயிச்சுட்டோம்டா!" என்றான் நண்பன். "தெருவுக்கு 30தான் டூ மச்" என்றேன் நான்.

இந்த இழுபறி புதுசும் இல்லை. 2018-ல் மத்திய அரசு எக்ஸ்பிரஸ் சாலைகளில் கார்கள் 120 வரை போகலாம் என்று உயர்த்தியது. 2021-ல் ஒரு விபத்து வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவையே ரத்து செய்தது. படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன். நமக்கென்ன?

டிசம்பரில் ஒரு காலை. ஆபீசுக்கு லேட். வேளச்சேரியில் ஒரு குறுக்குத் தெரு. வண்டியில் முள் 45-ல். ஒரு பந்து உருண்டு வந்தது. பின்னாலேயே நாலு வயசுப் பையன். பிரேக்கில் ஏறி நின்றேன். வண்டி வழுக்கிக்கொண்டே போய், அவனுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. எனக்குக் கைகால் நடுங்கியது.

பாட்டி ஓடிவந்து பையனைத் தூக்கிக்கொண்டார். திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன்.

"ஆபீசுக்கு நேரமாயிடுச்சாப்பா?" என்றார், அவ்வளவுதான்.

நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். 30-க்குப் பதில் 45-ல் போனால், வேகம் ஒன்றரை மடங்குதான். பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரமோ இரண்டேகால் மடங்கு! வீட்டிலிருந்து ஆபீஸ் 12 கிலோமீட்டர். தடையே இல்லாமல் 60-ல் பறந்தால் 12 நிமிஷம், 40-ல் போனால் 18. மிச்சம் ஆறே நிமிஷம். அதையும் சிக்னல்கள் சாப்பிட்டுவிடும். தப்பித் தவறி மிஞ்சினால் இருக்கவே இருக்கிறது டீக்கடை!

இப்போதெல்லாம் தெருவில் 30-தான். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். ஆபீசில் மானேஜர் முறைக்கிறார்.

முறைக்கட்டுமே!