போனில் ஓடுவது கூடத்து டிவியில் தெரிய…

வைகுண்ட ஏகாதசி விடியலில் நம்பெருமாள் ரத்னங்கி சாத்திக்கொண்டு பரமபத வாசலைக் கடக்கும் சில நிமிடங்களுக்காக ஸ்ரீரங்கம் இரவெல்லாம் விழித்திருக்கும். அந்த நெரிசலில் நிற்க முடியாத பெரியவர்கள், உத்திர வீதியிலேயே குடியிருந்தாலும், நேரலையில்தான் சேவிக்கிறார்கள். நேரலையோ, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய யூடியூப் சுட்டியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. ஆறு அங்குலத் திரையைச் சுற்றி நாலு தலை. எதிரே 43 அங்குல டிவி சும்மா கிடக்கிறது. “இதை அதுல போட முடியாதாடா?” என்று பாட்டி கேட்டால் பேரனிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் “இருங்கோ பாட்டி, கனெக்ட் ஆகல.”

கனெக்ட் ஆகாததற்குக் காரணம் பல நேரம் டிவியும் இல்லை, போனும் இல்லை. இரண்டு வெவ்வேறு வேலைகள் ஏறக்குறைய ஒரே மாதிரியான படக்குறிக்குள் ஒளிந்திருப்பதுதான்.

ஒன்று மிரரிங். போன் தன் திரையில் தெரிவதையெல்லாம் அந்தந்தக் கணமே படமாக்கி, சுருக்கி, வானலையில் அனுப்பிக்கொண்டே இருக்கும். டிவியோடு இருக்கும் ரிசீவர் அதை விரித்துக் காட்டும். போன் அணைந்தால் டிவியும் இருளும், போனுக்கு அழைப்பு வந்தால் அது டிவியிலும் தெரியும், பேட்டரி கரையும். இன்னொன்று காஸ்ட். இதில் போன் படத்தை அனுப்புவதே இல்லை. ‘இந்த வீடியோ இந்த இடத்தில் இருக்கிறது’ என்று விலாசத்தை மட்டும் டிவியிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். டிவியே இணையத்திலிருந்து வீடியோவை இழுத்துக்கொள்ளும். சமைத்ததைத் தூக்கில் போட்டு எடுத்துப் போவது மிரரிங். ஹோட்டல் விலாசத்தைச் சொல்லி அனுப்பிவிடுவது காஸ்ட். யூடியூப் நேரலைக்குக் காஸ்ட்தான் சரி. ஆரம்பித்துவிட்டபின் போனைப் பூட்டி வைக்கலாம், ததியாராதனத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று பேசிக்கொண்டும் இருக்கலாம். படம் நிற்காது.

போனில் இருக்கும் புகைப்படம், வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு, கல்லூரி செமினாருக்கான ஸ்லைடு போன்றவற்றுக்கு இணையத்தில் பொதுவான விலாசம் கிடையாது. அங்கே மிரரிங் வேண்டும். வீடியோ அழைப்பை டிவியில் போட நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. படம் டிவிக்குப் போனாலும் குரல் பெரும்பாலும் போனிலேயே வரும், கேமராவும் போனில்தான் இருக்கிறது. நியூஜெர்சியில் இருக்கும் பேத்தியை நாம் பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருப்போம். அவளுக்குத் தெரிவது நம் காது.

மிரரிங்குக்கான பொதுத்தரம் மிராகாஸ்ட். வைஃபை அலையன்ஸ் என்ற அமைப்பு 2012 செப்டம்பரில் அதற்குச் சான்றிதழ் தரத் தொடங்கியது. ஆப்பிள் 2010-லேயே ஏர்பிளே என்று தனி வழி போட்டுக்கொண்டது. ஐபோனிலும் மேக்கிலும் இன்றுவரை மிராகாஸ்ட் கிடையாது. கூகுள் 2013-ல் குரோம்காஸ்ட்டைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அது 2,999 ரூபாய்க்கு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. தன் முறையை ஊன்ற வேண்டும் என்பதாலோ என்னவோ, 2015-ன் ஆண்ட்ராய்டு 6-லிருந்து தன் சொந்த போன்களில் மிராகாஸ்ட்டை கூகுள் எடுத்தேவிட்டது. சாம்சங் ‘ஸ்மார்ட் வியூ’ என்ற பெயரில் அதைத் தக்கவைத்திருக்கிறது. ஆகக் கடையில் ‘எல்லா போனிலும் வேலை செய்யும்’ என்று சொல்லப்படும் டாங்கிள் (டிவியில் செருகும் ரிசீவர்) நம் போனில் வேலை செய்யாமல் போக நியாயமான காரணம் இருக்கிறது. இந்தக் குழப்பத்தையெல்லாம் ஒரு பக்கத்தில் சிரிக்கச் சிரிக்க விளக்கியிருக்கக்கூடியவர் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா. மின்னணு வாக்கு இயந்திர வடிவமைப்பில் பங்கெடுத்த அந்தப் பொறியாளர் 2008 பிப்ரவரியில் மறைந்துவிட்டார். மிராகாஸ்ட் அதற்குப் பிறகுதான் வந்தது.

எதையும் வாங்குவதற்கு முன் வீட்டில் இருப்பதைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி என்று பெட்டியில் போட்டிருந்தால் காஸ்ட் உள்ளேயே இருக்கிறது. சாம்சங், எல்ஜி, சோனி நிறுவனங்களின் 2019-க்குப் பிந்தைய மாடல்கள் பலவற்றில் ஏர்பிளேயும் உண்டு. ஃபயர் டிவி ஸ்டிக் செருகியிருந்தால் பல மாடல்களில் ரிமோட்டின் ஹோம் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் மிரரிங் என்ற தேர்வு வரும். இவை எதுவும் இல்லாத சாதாரண எல்இடி டிவிக்குத்தான் தனி ரிசீவர் தேவை.

ரிசீவரைச் செருகுவது சின்ன வேலை. டிவியின் எச்டிஎம்ஐ துளையில் மாட்டி, எந்த எண் துளையில் மாட்டினோமோ அந்த எண்ணை ரிமோட்டில் சோர்ஸ் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் தவறவிடுவது மின்சாரத்தை. டிவியின் பழைய யூஎஸ்பி துளை அரை ஆம்பியர்தான் தரும். பல ரிசீவர்களுக்கு அது போதாது. படம் வரும், பத்து நிமிடத்தில் தானே அணைந்து மறுபடி தொடங்கும். பழைய போன் சார்ஜர் ஒன்றை அதற்கென ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பிறகு டிவி திரையில் தெரியும் குறிப்புப்படி ரிசீவரை வீட்டு வைஃபையில் சேர்க்க வேண்டும். காஸ்ட்டுக்கும் ஏர்பிளேக்கும் போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருந்தாக வேண்டும். போனில் மொபைல் டேட்டா மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் டிவியின் பெயர் பட்டியலில் தலைகாட்டாது. விபிஎன் போட்டிருந்தாலும் அப்படித்தான். மிராகாஸ்ட்டுக்கு மட்டும் ரூட்டரே வேண்டாம். போனும் ரிசீவரும் வைஃபை டைரக்ட் முறையில் நேராகப் பேசிக்கொள்ளும், இணையம் இல்லாத ஊரிலும்.

இனி வீடு. ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் வைஃபைக்காகக் கட்டப்பட்டவை அல்ல. தெருவில் திண்ணை, அடுத்து ரேழி, பிறகு முற்றமும் கூடமும், இரண்டாம் கட்டு, அடுக்களை, கொல்லை என்று அகலம் குறைந்து நீளமாகப் போகும் மனை. நடுவில் தடித்த செங்கல் சுவர்கள். ஃபைபர் கேபிள் வாசல் வழியாக வருவதால் மாட்டுகிறவர் ரேழியிலேயே ஆணியடித்து ரூட்டரைத் தொங்கவிட்டுப் போய்விடுவார். டிவியோ கூடத்தில், இரண்டு சுவர் தாண்டி. சில வீடுகளில் அதற்கு முன்னால் ஓர் இரும்பு பீரோவும் உண்டு. போனில் வாட்ஸ்அப் ஓடுகிற அளவுக்குச் சிக்னல் அங்கே இருக்கும். நேரலை வீடியோவைத் தாங்கும் அளவுக்கு இருக்காது.

ரூட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் நெரிசலானது. ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் அதில் 1, 6, 11 என்று மூன்றுதான். சுவரோடு சுவர் ஒட்டிய சித்திரை வீதியிலும், தில்லைநகர் அடுக்குமாடிகளிலும் பத்து, பதினைந்து ரூட்டர்கள் அந்த மூன்றுக்காக முட்டிக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் அதிகம். ஆனால் தடித்த சுவரைக் கண்டால் துவண்டுவிடும். என் யோசனை இது: ரூட்டரும் டிவியும் ஒரே அறையில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 5, இல்லையென்றால் முதலில் ரூட்டரைக் கூடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். கேபிளைப் பத்தடி நீட்டிக் கொடுப்பதில் மாட்டுகிறவருக்குப் பெரிய சிரமம் இல்லை. புது டாங்கிள், புது பூஸ்டர் என்று செலவழிப்பதைவிட அந்தப் பத்தடி அதிகப் பலன் தரும். மிராகாஸ்ட்டில் படம் திக்கினால், போன் ஒரே ரேடியோவை வைத்துக்கொண்டு ரூட்டரோடும் ரிசீவரோடும் மாறிமாறிப் பேசுவதும் காரணமாக இருக்கலாம். போனில் இருக்கும் படத்தைத்தான் காட்டுகிறோம் என்றால், ரூட்டர் இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு மறுபடி முயலலாம்.

அந்த 2.4 நெரிசலுக்குப் பின்னால் ஒரு பழைய கதையும் உண்டு. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. அந்த ஒலிபரப்பைக் கேட்கும் பெட்டிக்குக்கூட எண்பதுகள் வரை தபால் அலுவலகத்தில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கினார்கள். இன்று ரேழியில் தொங்குவது அலைகளை அனுப்பும் கருவி. அதற்கு உரிமம் கேட்பாரில்லை, 2.4 கிகாஹெர்ட்ஸை மத்திய அரசு 2005-ல் உரிமத்திலிருந்து விடுவித்தது. நெரிசலுக்கு அந்தத் தாராளமும் ஒரு காரணம்.

காசே செலவழிக்காமல் ரிசீவர் வேண்டுமென்றால் பழைய லேப்டாப் உதவும். இது பலருக்குத் தெரியாத வசதி. விண்டோஸ் 10-ன் 2016 ஆகஸ்ட் பதிப்பிலிருந்து, கணினியே மிராகாஸ்ட் ரிசீவராக இருக்க முடியும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ‘புரொஜெக்டிங் டு திஸ் பிசி’ என்ற பக்கம். பின்னாளைய பதிப்புகளில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதிக்குப் போய் ‘வயர்லெஸ் டிஸ்பிளே’ என்பதை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். கருவி அதற்கு ஒத்துவராது என்றால் அந்தப் பக்கமே சொல்லிவிடும். லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளால் டிவியோடு கட்டிவிட்டால், போனிலிருந்து லேப்டாப்புக்கு வானலையில், அங்கிருந்து டிவிக்குக் கேபிளில். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்பகால இயந்திரங்கள் விண்டோஸ் 7 காலத்தவை, அவற்றில் இது நடக்காது. பின்னாளில் வந்தவற்றில் முயன்று பார்க்கலாம். இன்னொரு லேப்டாப்பிலிருந்து அனுப்புவதானால் விண்டோஸ் பொத்தானோடு கே எழுத்தைத் தட்டினால் ரிசீவர்களின் பட்டியல் விரியும்.

2006-ல் அரசு தரத் தொடங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி இன்னும் ஓடுகிற வீடுகள் உண்டு. அதில் எச்டிஎம்ஐ கிடையாது. மஞ்சள் முனை ஏவி ஜாக்தான். எச்டிஎம்ஐ-யை ஏவி-யாக மாற்றும் சின்னப் பெட்டி கடையில் கிடைக்கிறது. படம் வரும், எழுத்து படிக்கவே முடியாது. அந்தக் காசுக்கு வேறு ஏதாவது வாங்கலாம்.

லாட்ஜ், கல்யாண மண்டபம், கல்லூரி விடுதி இவற்றில் ஒரே வைஃபையில் சேர்ந்தும் டிவி தெரியாமல் போவதுண்டு. வெவ்வேறு விருந்தினர்களின் கருவிகள் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது என்று ரூட்டரிலேயே தடுத்து வைத்திருப்பார்கள். அது பிழையல்ல, பாதுகாப்பு. யூடியூபுக்கு மட்டும் ஒரு சுற்றுவழி இருக்கிறது: டிவியின் யூடியூப் செயலியில் தெரியும் எண்ணைப் போனின் யூடியூபில் போட்டால், ஒரே வைஃபை இல்லாமலும் இரண்டும் இணைந்துகொள்ளும். மண்டபத்தில் நிச்சயதார்த்த வீடியோ, துவாக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ப்ராஜெக்ட் வைவா என்று ஒரே ஒரு வாய்ப்புதான் என்றால் பையில் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று இருக்கட்டும். வயர்லெஸ் வசதிக்கு, நேரத்துக்கு நடந்தாக வேண்டிய காரியத்துக்கு வயர்தான்.

மிரரிங்கில் போனில் வரும் எல்லாமே கூடத்துக்கு வரும் என்பதால், ஆரம்பிக்கும் முன் ‘டோன்ட் டிஸ்டர்ப்’ போட்டுக்கொள்வது நல்லது. ஓடிபியும், மச்சினர் அனுப்பும் வம்பும் பெரிய எழுத்தில் தெரிய வேண்டாம். ரிசீவரில் ‘ஒவ்வொரு முறையும் பின் எண் கேள்’ என்பதையும் தேர்ந்தெடுங்கள். மிராகாஸ்ட்டுக்கு ஒரே வைஃபை தேவையில்லை என்பதால் பக்கத்து ஃபிளாட் பையன் தன் கேமை உங்கள் டிவியில் தவறுதலாகத் தட்டிவிட வாய்ப்பிருக்கிறது. டிவிக்குத் தொழிற்சாலைப் பெயரை விட்டுவைக்காமல் ‘மாடி வீட்டு டிவி’ என்று ஏதாவது வைத்தால் இரு தரப்புக்கும் நல்லது.

நேற்றுவரை ஓடியது இன்று நின்றால் உடனே ரீசெட்டில் கை வைக்கும் பழக்கம் நமக்கு. 2025 மார்ச்சில் உலகமெங்கும் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் ஒரே நாளில் மௌனமாயின. அவற்றுக்குள் இருந்த பத்தாண்டுச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகியிருந்தது. கூகுள் சில நாட்களில் புதுப்பித்து அனுப்பியதும் பேசாமல் காத்திருந்தவர்களின் கருவிகள் தாமே உயிர்பெற்றன. அவசரப்பட்டு ஃபாக்டரி ரீசெட் செய்தவர்கள்தான் மறுபடி அமைக்க முடியாமல் கூடுதலாக அல்லாடினார்கள். ரூட்டர், டிவி, போன் மூன்றையும் அணைத்துப் போடுவது வரை சரி. அதற்கு மேல் ஒருநாள் பொறுக்கலாம்.

வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கூடத்து டிவிக்குத் திரையைக் காட்டுவது வேறு. போனில் பேசும் முன்பின் தெரியாதவர் சொல்லி ஒரு செயலியை இறக்கி அவருக்குத் திரையைக் காட்டுவது வேறு. எனிடெஸ்க் போன்ற செயலிகளை இறக்கச் சொல்லி வங்கிக் கணக்கைச் சுரண்டும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருந்தது. டிவியில் படம் வர எந்த வங்கியும், எந்த கஸ்டமர் கேரும் நம் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. அப்படிக் கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.