சட்டக அட்டை

சட்டக அட்டை என்பது, திரைப்படம் அல்லது தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பட எல்லைகளைப் பின்தயாரிப்புப் பிரிவினருக்குத் தெரிவிப்பதற்காகப் படம்பிடிக்கப்படும் கோடு வரைந்த அட்டை ஆகும். திரைத்துறையினர் இதனை பிரேமிங் சார்ட் என்றே பெரும்பாலும் அழைப்பர். ஒளிப்பதிவாளர் படக்கருவியில் கண்ட சட்டகத்தையே படத்தொகுப்பு, காட்சி விளைவுகள், நிறத்திருத்தம் ஆகிய பிரிவுகளும் காணச் செய்வது இதன் நோக்கமாகும்.

தேவை

படக்கருவி பதிவுசெய்யும் பரப்பும் திரையில் தோன்றும் பரப்பும் பொதுவாக ஒன்றல்ல. பதிவாகும் பரப்பு பெரியது. அதனுள் ஒரு பகுதியே இறுதிப் படமாகிறது. வெளியே எஞ்சும் பகுதியில் ஒலிவாங்கி, விளக்குத் தாங்கி, தண்டவாளம் போன்றவை இருக்கலாம். எல்லை தவறினால் இவை திரையில் தெரியும். அல்லது நடிகரின் தலைக்கு மேல் விடப்பட்ட இடம் குறைந்து காட்சியமைப்பு குலையும்.

1985 ஆம் ஆண்டு டிம் பர்ட்டன் இயக்கிய பீ-வீஸ் பிக் அட்வென்ச்சர் திரைப்படம் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். அதில் நாயகன் மிதிவண்டியில் உள்ள சிறு பெட்டியிலிருந்து முடிவில்லாத நீளச் சங்கிலியை இழுப்பான். திரையரங்கில் பெட்டியின் அடிப்பகுதி மறைக்கப்பட்டிருந்தது. 4:3 வடிவில் வெளியான வீட்டு நிகழ்படத்திலோ அம்மறைப்பு நீக்கப்பட்டதால், பெட்டியின் அடியிலுள்ள துளை வழியே சங்கிலி ஏறி வருவது தெரிந்து நகைச்சுவை கெட்டது.

வரலாறு

1932 இல் அமெரிக்காவில் 1.37:1 என்ற தோற்ற விகிதம் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. 1953 இல் தி ரோப் திரைப்படத்துடன் சினிமாஸ்கோப் அறிமுகமானது. அதன் பின் 1.85:1, 2.39:1 முதலிய அகன்ற விகிதங்கள் பரவின. ஒரே படம் திரையரங்கிலும் தொலைக்காட்சியிலும் வெவ்வேறு விகிதங்களில் காட்டப்பட்டதால், எப்பகுதியை எடுப்பது என்ற குழப்பம் எழுந்தது.

படச்சுருள் காலத்தில், காட்சிநோக்கியின் மங்கல் கண்ணாடியில் பொறிக்கப்பட்ட கோடுகளே ஒளிப்பதிவாளருக்கு வழிகாட்டின. அக்கண்ணாடி சிறிது விலகிப் பொருத்தப்பட்டிருந்தாலும் காண்பதும் பதிவாவதும் வேறுபடும். எனவே ஒவ்வொரு படக்கருவியிலும் சட்டக அட்டையைத் தனித்தனியே படம்பிடிக்கும் வழக்கம் நிலைத்தது.

எல்லைகளைக் கணித்தல்

எண்மப் படக்கருவிகளில் சட்டகம் படவணுக்களால் அளக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஆரி அலெக்சா மினி எல்எப் கருவியின் உணரி முழுப்பரப்பில் 4448 × 3096 படவணுக்களைப் பதிவுசெய்கிறது. அகலத்தில் 10 விழுக்காட்டைக் காப்பு விளிம்பாக ஒதுக்கினால் எஞ்சுவது 4003.2 படவணு. படவணுவைப் பின்னமாக்க இயலாது. இதனை 4003 எனக் கொண்டால், மீதமுள்ள 445 படவணுக்களை இருபுறமும் சமமாகப் பிரிக்க முடியாது. 4004 எனக் கொண்டால் இருபுறமும் 222 வீதம் அமையும், 2.39:1 விகிதத்துக்கு உயரம் 1676 ஆகும்.

இரு பிரிவினர் இரு விதமாக முழுமையாக்கினால், கணினியில் உருவாக்கிய பொருள் நிழற்படத்துடன் ஒரு படவணு அளவேனும் பொருந்தாமல் போகும். காப்பு விளிம்பு, நடுக்கத்தைச் சீராக்கவும் படத்தைச் சற்றே நகர்த்தவும் பயன்படுகிறது.

படம்பிடிக்கும் முறை

* அட்டை வில்லைக்கு நேர் எதிரே, சாய்வின்றி வைக்கப்படும்.
* காட்சிநோக்கியில் தெரியும் சட்டகக் கோடுகள் அட்டையிலுள்ள அம்புமுனைகளைத் தொடுமாறு படக்கருவி சரிசெய்யப்படும்.
* ஒவ்வொரு படக்கருவிக்கும், ஒவ்வொரு பதிவு வடிவத்துக்கும் தனித்தனியே பதிவு செய்யப்படும்.
* அனமார்பிக் வில்லைகளைப் பயன்படுத்தும்போது அட்டையில் உள்ள வட்டம் உதவும். படத்தை விரித்த பின் அது வட்டமாகவே தெரிய வேண்டும். நீள்வட்டமானால் விரிப்பு அளவு தவறு.

பின்தயாரிப்பில் பயன்பாடு

படத்தொகுப்பாளர் அட்டையின் பதிவை முதலில் திறந்து, தம் மென்பொருளின் எல்லைகளை அதனுடன் ஒப்பிடுவார். திரையரங்குக்கான 4கே எண்மப் பிரதி, 1.85:1 விகிதத்தில் 3996 × 2160 ஆகவும் அகன்திரையில் 4096 × 1716 ஆகவும் அமையும். காட்சி விளைவுப் பிரிவுக்கு அனுப்பும் படங்களில் காப்பு விளிம்பும் சேர்க்கப்படும். விளிம்பின்றி அனுப்பிவிட்டு, பின்னர் இயக்குநர் சட்டகத்தை நகர்த்த விரும்பினால் அப்பணியை மீண்டும் செய்ய நேரிடும்.

தரவுக் கோப்பு

அட்டையிலுள்ள கோடுகளை மனிதரே பார்த்து அளவிட வேண்டியிருப்பது இதன் குறைபாடாகும். இதற்குத் தீர்வாக, 1919 இல் தொடங்கப்பட்ட அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கம் 2020களில் எப்டிஎல் என்னும் கோப்பு வடிவத்தை உருவாக்கியது. பதிவான பரப்பு, காப்பு விளிம்பு, தேர்ந்த சட்டகம், அதன் இருப்பிடம் ஆகியவற்றை இக்கோப்பு எண்களாகக் கொண்டிருக்கும். மென்பொருள்கள் இதனை நேரடியாகப் படிக்க இயலும். ஆயினும் அட்டை வழக்கொழியவில்லை. கோப்பு கூறும் எல்லையும் படக்கருவியில் உண்மையில் தெரிந்த எல்லையும் ஒன்றே எனச் சரிபார்க்க அட்டையின் பதிவு பயன்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* தோற்ற விகிதம்
* சினிமாஸ்கோப்
* ஒளிப்பதிவு
* படத்தொகுப்பு