கார்பரேட்டரை மாற்றும் முன் ஆயில் சீலைப் பாருங்கள்

புல் வெட்டும் இயந்திரம், மரம் அறுக்கும் செயின்சா, செம்பனைத் தோட்டத்தில் ஓலை வெட்டும் மோட்டார் கத்தி ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்தான். அது மக்கர் செய்து என் பட்டறைக்கு வரும்போது, கொண்டு வருபவர் முதலில் சொல்வது "கார்பரேட்டர் போயிடுச்சு" என்பதுதான். பல நேரங்களில் அது சரியாகவே இருக்கும். சில நேரங்களில் கார்பரேட்டர்மீது எந்தக் குறையும் இருக்காது. ஏறக்குறைய நமது 50 சென் நாணயம் அளவே உள்ள ஒரு ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். கிராங்க் ஷாப்டின் இரு முனைகளிலும் உட்கார்ந்திருக்கும் ஆயில் சீல்தான் அது.

தொழிற்கல்லூரியிலோ கியாட்மாராவிலோ எஞ்சின் பழுதுபார்ப்பு பயிலும் மாணவர்கள் இந்தச் சீலைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பள்ளியில் இயற்பியல் படிப்பவர்களுக்கும் இதில் விஷயம் உண்டு. அழுத்தம் என்று நீங்கள் படிக்கும் பாடம் இங்கே கண்ணெதிரே நடக்கிறது.

சீலின் வேலை என்ன?

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் கேஸ் ஒரு பம்ப் போல இயங்குகிறது. பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் குறைகிறது. உடனே கார்பரேட்டர் வழியாகக் காற்றும் எண்ணெய் கலந்த பெட்ரோலும் உள்ளே இழுக்கப்படுகின்றன. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு சிலிண்டருக்குள் செல்கிறது.

கிராங்க் ஷாப்ட் ஒரு பக்கம் பிளைவீலையும் மறுபக்கம் கிளட்சையும் சுழற்ற வேண்டியிருப்பதால், அது கிராங்க் கேஸை விட்டு வெளியே வந்தாக வேண்டும். அந்த இரு இடைவெளிகளையும் மூடுவதே சீலின் வேலை. அதன் மெல்லிய உதட்டை ஒரு சிறு ஸ்பிரிங் வளையம் ஷாப்டோடு அணைத்துப் பிடிக்கிறது.

வெப்பம், தூசி, வயது ஆகியவற்றால் ரப்பர் இறுகி உதடு தேய்ந்துவிட்டால், பிஸ்டன் மேலே போகும்போதெல்லாம் வெளிக்காற்று அந்த வழியே நுழையும். கார்பரேட்டர் வழியாக வராத இந்தக் காற்றில் பெட்ரோலும் இல்லை, எண்ணெயும் இல்லை. கலவையில் காற்று கூடுகிறது, சூடு ஏறுகிறது, மசகு குறைகிறது. இப்படியே ஓட்டினால் பிஸ்டன் கீறல் விழுந்து சிலிண்டரில் இறுகிப்போகும். சில ரிங்கிட்டில் முடிய வேண்டிய வேலை புது இயந்திரம் வாங்குவதில் போய் நிற்கும்.

தண்ணீர் பம்புகளில் காணும் ஹோண்டா ஜிஎக்ஸ்160 போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் கதை வேறு. அங்கே சீல் தேய்ந்தால் எண்ணெய் வெளியே கசிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் பிரீதர் அடைத்திருந்தாலோ எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருந்தாலோ, நல்ல சீலிலும் கசிவு வரலாம். அதை முதலில் பாருங்கள்.

அறிகுறி வேறு, ஆதாரம் வேறு

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் கத்திக்கொண்டிருக்கும். ஐடிலிங் ஏறி இறங்கும். காலையில் சரிசெய்த டியூனிங் மதியம் நிற்காது. இயந்திரத்தைச் சாய்த்தால் சத்தம் மாறும். ஸ்பார்க் பிளக் நுனி வெளுத்திருக்கும். இவை எல்லாமே சீலைச் சந்தேகிக்க வைக்கும். ஆனால் கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் வெடித்திருந்தாலும், சிலிண்டர் கேஸ்கெட் கசிந்தாலும் இதே அறிகுறிகள்தான் தோன்றும்.

பந்திங் பக்கத்தில் குத்தகைக்குப் புல் வெட்டும் ஒருவர் ஒருமுறை தம் இயந்திரத்தோடு வந்தார். "ரெண்டு கார்பரேட்டர் மாத்தியாச்சு தம்பி. காலையில நல்லா ஓடுது, சூடானதும் கத்த ஆரம்பிக்குது" என்றார். இயந்திரம் நின்றால் அவருக்கு அன்றைய கூலி இல்லை. கழற்றிச் சோதித்தபோது பிளைவீல் பக்கச் சீல் காற்றை இழுப்பது தெரிந்தது. சீலை மாற்றி, அவர் பையில் வைத்திருந்த பழைய கார்பரேட்டரையே திரும்பப் பூட்டினேன். எஞ்சின் ஒழுங்காக ஓடியது. இரண்டு கார்பரேட்டருக்குக் கொடுத்த காசுதான் வீண்.

சோதிக்கும் முறை

கார்பரேட்டரையும் மஃப்ளரையும் கழற்றி, இரு வாய்களையும் ரப்பர் துண்டும் தகடும் வைத்து இறுக மூட வேண்டும். ஸ்பார்க் பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். மீட்டர் உள்ள கைப்பம்பினால் உள்ளே சுமார் 0.5 பார் அழுத்தம் ஏற்றி, 20 விநாடி பாருங்கள். முள் இறங்கினால் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி வரும் இடத்தில் கசிவு உள்ளது.

முள் அசையாமல் நின்றாலும் சோதனை முடியவில்லை. உள்ளிருந்து வரும் அழுத்தம் சீலின் உதட்டை ஷாப்டோடு சேர்த்து அமுக்கும். அதனால் தேய்ந்த சீலும் இதில் தேறிவிடலாம். அடுத்து, அதே 0.5 பார் அளவுக்குக் காற்றை வெளியே உறிஞ்சிப் பாருங்கள். இப்போது உதடு ஷாப்டைவிட்டு விலகும், தேய்மானம் வெளிப்படும். ஷாப்டை மெதுவாகச் சுற்றியும் பாருங்கள். சந்தேகமுள்ள சீலின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விடும்போது முள் சற்று நின்றால், கசிவு அங்கேதான். சரியான அளவுகளைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடும் எஞ்சின்மேல் பெட்ரோலோ கிளீனரோ தெளித்துச் சோதிப்பவர்களும் உண்டு. சூடான மஃப்ளருக்குப் பக்கத்தில் அது தீயோடு விளையாடுவது. வேண்டாம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

பிளைவீலைச் சுத்தியலால் அடிக்காமல் புல்லர் கொண்டு கழற்றுங்கள். பல செயின்சாக்களில் கிளட்ச் இடது மரையில் இருக்கும், எந்தப் பக்கம் திருகுவது என்று முதலில் உறுதிசெய்யுங்கள். பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என அளந்து குறித்த பிறகு, கொக்கி போன்ற கருவியால் வெளியே எடுங்கள். ஷாப்டிலும் அதைச் சுற்றியுள்ள உலோகத்திலும் கீறல் விழக்கூடாது.

சீல்மேல் 12-22-7 என்பதுபோல் எண்கள் இருக்கும். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகியவற்றை அவை மில்லிமீட்டரில் சொல்கின்றன. ஷாப்டில் சீல் உராய்ந்த இடத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால், புதுச் சீலும் அதே இடத்தில் நிற்காது. இடமிருந்தால் அதைச் சற்றுத் தள்ளிப் பொருத்தலாம். ஷாப்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் பழைய கதைதான்.

ஷாப்டின் மரைமேல் மெல்லிய டேப் சுற்றி, சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ஸ்பிரிங் உள்ள பக்கம் எஞ்சினின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். வெளிவிட்டத்துக்குச் சற்றே சிறிய குழாயை வைத்து, சாயாமல் சமமாகத் தட்டி இறக்குங்கள். பூட்டுவதற்கு முன் இரு சோதனைகளையும் மீண்டும் செய்யுங்கள். கார்பரேட்டர் டியூனிங் கடைசியில்தான்.

எஸ்.பி.எம். முடித்து எஸ்.கே.எம். சான்றிதழுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை. தெரிந்த பட்டறையில் கேட்டு, தூக்கிப் போட்ட ஒரு புல்வெட்டி எஞ்சினை வாங்கி வாருங்கள். சீலைக் கழற்றி எண்களைப் படியுங்கள், அளந்து பாருங்கள், உதட்டை விரலால் தொட்டு இறுகியிருக்கிறதா என்று கவனியுங்கள். நாளை ஒருவர் "கார்பரேட்டர் போயிடுச்சு" என்று வந்து நிற்கும்போது, அவருடைய பணத்தைச் செலவழிப்பதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.