பெயிண்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி

பொங்கல் நெருங்கிவிட்டால் கொருக்குப்பேட்டையில் பெயிண்டர்களுக்குக் கிராக்கிதான். "கூலி எவ்வளவு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. "பழைய பெயிண்டை எப்படிச் சுரண்டுவீர்கள்?" என்று கேளுங்கள்.

இது கடலுக்குப் பக்கத்து ஊர். உப்புக் காற்றிலும் மழையிலும் பெயிண்ட் பொரிந்து உதிரும். சுரண்டாமல் புதுப் பெயிண்ட் ஒட்டாது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

முன்பு பெயிண்டில் ஈயம் கலப்பது வழக்கம். கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டில் அது அதிகம். நிறம் எடுப்பாக இருக்கும், சீக்கிரம் உலரும். ஆனால் ஈயம் விஷம்! உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அது தூசியாகப் பறக்கும். தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். ஈயம் உடம்பில் சேரும். மூளை வளர்ச்சி கெடும். பிறகு மருந்து கொடுத்தும் அதைச் சரி செய்ய முடியாது.

மத்திய அரசு 2016-ல் ஒரு விதி செய்தது. 10 லட்சம் பங்கு பெயிண்டில் ஈயம் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. 2017 நவம்பர் 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த பெயிண்ட் உங்கள் கதவில் இன்னும் இருக்கலாம்.

என்ன செய்வது? தண்ணீர் தெளித்து, ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். நெருப்பு காட்டி உரிக்க விடாதீர்கள். பெயிண்டர் முகக்கவசம் அணியட்டும்; அவரும் பிள்ளை குட்டிக்காரர்தானே! குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டில் தங்க வையுங்கள். தூசியைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

இதனால் ஒரு நாள் கூலி கூடலாம். குழந்தையை விடவா கூலி பெரிது?